மல்யுத்த வரலாற்றின் மூன்று காலங்கள்

போன வாரம் என் மகள் கைப்பேசியில் எதையோ ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். நான் சின்ன வயதில் பார்த்த அதே அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி. அதன் வரலாற்றைக் காலம் காலமாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். இந்த ஆண்டிலிருந்து அந்த ஆண்டு வரை பொற்காலம், அப்புறம் இன்ன காலம், அதற்கப்புறம் இன்ன காலம் என்று ஏழெட்டுப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்.

“இது சுத்தப் பொய்” என்றேன்.

“அந்தக் கம்பெனிக்காரங்களே போட்டதும்மா” என்றாள் மகள்.

அவர்களே போட்டால் உண்மையாகிவிடுமா? தன் வரலாற்றைத் தானே கூறு போட்டு, முதல் கூறுக்கே பொற்காலம் என்று பெயரும் வைத்துக்கொள்கிறவனை எந்த ஊரில் நம்புவார்கள்? முதலாளிக்கு எல்லாக் காலமும் பொற்காலம்தான். அடி வாங்கியவனைக் கேட்டுப் பார்த்தல்லவா பெயர் வைக்க வேண்டும்? நான் இப்படிக் கத்தியதைப் பார்த்து மகள் பயந்துவிட்டாள். ஒரு மல்யுத்தத்துக்காக அம்மா ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை. அந்தக் கம்பெனியின் வரலாற்றை ஆறாம் வகுப்பு படிக்கும்போதே நாற்பது பக்க நோட்டில் எழுதி முடித்தவள் நான் என்பது அவளுக்குத் தெரியாது. என் கணக்கில் அதற்கு மூன்றே மூன்று காலங்கள்.

அப்போது எங்கள் வீடு விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தது. தெருவில் பாதிப் பேருக்குப் பீங்கான் வேலை. அப்பா பஸ் கண்டக்டர், சனி ஞாயிறு என்றால் கட்டாயம் டியூட்டியில் இருப்பார். அதனால் சனிக்கிழமை சாயந்திரம் டிவி என் ஆட்சிக்கு வந்துவிடும். கேபிளில் மல்யுத்தம் போடுவார்கள். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். பெண்பிள்ளை பார்க்கிற நிகழ்ச்சியா இது என்று அம்மா முதலில் திட்டினாள். பிறகு அவளே வாசற்படியில் கீரை ஆய்ந்தபடி பார்க்க ஆரம்பித்தாள்.

அம்மா பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் அவள் தம்பி, என் மாமா. அவர் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைக்குள் சாமான் அடுக்குகிற வேலை பார்த்தார். பியூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை எல்லாம் அவர் கைபட்டுத்தான் நெருப்புக்குள் போகும். சனிக்கிழமை வேலை விட்டதும் தலையிலும் புருவத்திலும் வெள்ளைத் தூசியோடு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் உட்காருவார். டிவியில் பேசுவது முழுக்க இங்கிலீஷ். எங்களில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை விளங்காது. மாமாதான் மொழிபெயர்ப்பார்.

அவருக்கு எப்படி இங்கிலீஷ் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. கம்பெனியிலிருந்து வெளியூர் போகிற பெட்டிகள்மேல் இங்கிலீஷில் எழுதியிருக்கும். அந்தப் பெட்டிகளைத் தினமும் பார்க்கிறவருக்கு அது தெரியாமல் இருக்குமா என்பது எங்கள் முடிவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர் என்பது எங்களுக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை.

மேடை நடுவில் ஒரு ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நரம்பு புடைக்கக் கத்துவான். மாமா டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்வார்: “பதினஞ்சு வருசமா இந்தக் கம்பெனிக்கு ஒழைக்கிறேன், என்னைய ஒரு வார்த்தை கேக்காம புது ஆள எறக்குறியேன்னு கேக்குறான்.” நாங்கள் சூள் கொட்டுவோம். கோட்டு சூட்டு போட்ட ஒருவன் எதிரில் வந்து நின்று பல்லைக் காட்டுவான். “இவன்தான் மொதலாளி மவன். கம்பெனி கேட்ட இழுத்துச் சாத்துங்குறான் பாரு” என்பார். நாங்கள் அந்தக் கோட்டுக்காரனைத் திட்டாத திட்டில்லை. பாதிச் சண்டையில் கரண்ட் போய்விட்டாலும் கவலை கிடையாது. மாமா மீதிச் சண்டையை வாயாலேயே முடித்து வைப்பார். பல நாள் டிவியில் வருவதைவிட அது நன்றாக இருக்கும்.

நோட்டு போட்டது என் யோசனை. பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியார் சோழர் காலம், பல்லவர் காலம் என்று பிரித்துப் பிரித்து நடத்துவார். மாமா சொல்வதைக் கேட்கக் கேட்க அதுவும் அப்படிப் பிரிந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமைதோறும் அவர் சொன்னதை அன்றைக்கே எழுதிவைப்பேன். மாமா சில சமயம், “இல்ல பாப்பா, அது அதுக்கு முன்னாடி” என்று திருத்துவார் என்பதால் பென்சிலில் எழுதினேன். பள்ளிக்கூடப் பழக்கத்தில் வலது மூலையில் தேதி போடுவேன். ஒரு பக்கத்தில்கூடத் தேதி விட்டுப்போனதில்லை.

முதலாவது பெரியவர் காலம். கம்பெனியைத் தொடங்கிய முதலாளி காலையில் வந்ததும் மல்யுத்த வீரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்பார். ஆயுத பூஜைக்கு மேடைக்குச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, வீரர்கள் எல்லோருக்கும் பொரியும் சுண்டலும் ஒரு துண்டும் கொடுப்பார். இரண்டாவது மகன் காலம். பெரியவர் படுத்துவிட்டார். மகன் ஏசி ரூமைவிட்டு வெளியே வர மாட்டான். வீரர்கள் வேலை முடிந்து போகும்போது கேட்டில் நிறுத்தி அவர்களுடைய சோற்றுத் தூக்கைத் திறந்து பார்ப்பார்கள். மூன்றாவது கான்ட்ராக்ட் காலம். முகமூடி போட்டவர்கள் வந்துவிட்டார்கள். “இவங்களுக்குப் பேரு கெடையாது, நம்பருதான். எவனோ ஒருத்தன் வேன்ல ஏத்தியாந்து எறக்குறான். அவங்க மேல தப்பு இல்ல, அவங்களும் வயித்துக்குத்தான் வராங்க” என்றார் மாமா. அதனால் நாங்கள் முகமூடிகளைத் திட்டுவதை நிறுத்திக்கொண்டோம்.

எல்லோருக்கும் மேலாக மீசைக்காரர் இருந்தார். பெரிய மீசை வைத்த வயதான வீரர். மாமா எல்லோரையும் அவன் இவன் என்றாலும் மீசைக்காரரை மட்டும் அவர் என்றுதான் சொல்வார். அவருடைய இடது மணிக்கட்டில் எப்போதும் வெள்ளைத் துணி சுற்றியிருக்கும். நெருப்பில் வெந்த கை என்றார் மாமா. மல்யுத்தத்தில் நெருப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “அங்கயும் நெருப்பு இருக்குதும்மா” என்றார். அடுத்த வாரமே ஒரு வீரன் வரும்போது மேடையின் இரண்டு பக்கமும் தீ குபீரென்று எழுந்தது. மாமா சொல்வதில் தப்பே இருக்காது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சில வாரங்கள் கழித்து மீசைக்காரர் டிவியில் வருவது நின்றது. “கை வெந்தவனால பாரம் தூக்க முடியலன்னு சொல்லி அனுப்பிட்டாங்க” என்றார் மாமா. அன்று அவர் டீயைக் குடிக்கவில்லை. நான் தேதி போட்டு அதை எழுதிவைத்துவிட்டு அழுதேன். அதற்குப் பிறகு வாரா வாரம் ஒவ்வொருவராக அனுப்பப்பட்டார்கள். சங்கிலிக்காரர், குள்ளர், பழனிக்கு மாலை போட்டவர். அமெரிக்காவில் ஏது பழனி என்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன்.

இந்த நிலைமையில்தான் அரையாண்டு விடுமுறைக்குப் பெரியப்பா மகன் சென்னையிலிருந்து வந்து இறங்கினான். என்னைவிட ஒரு வயது பெரியவன், அண்ணன் என்று கூப்பிடச் சொல்லி உயிரை எடுப்பான். இங்கிலீஷ் மீடியம். அவனிடம் அந்த மல்யுத்தக் கம்பெனி போட்ட வழவழப்பான புத்தகம் ஒன்று இருந்தது. அதில் காலங்கள் அச்சாகியிருந்தன. கோல்டன் ஏரா, தண்டர் ஏரா, ஸ்டீல் ஏரா. நானும் பிரித்து வைத்திருக்கிறேன் என்று என் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். குறைகுடம் கூத்தாடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவன் இரண்டு பக்கம் படித்தான். பிறகு தெருப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து உரக்க வாசித்தான். “அமெரிக்காவுல ஆயுத பூஜையாம்டா. பொரியாம், சுண்டலாம்.” வாரா வாரம் என்னோடு உட்கார்ந்து அதையே கேட்டுத் தலையாட்டிய பிள்ளைகள், ஏதோ இப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சோற்றுத் தூக்கை அவன் வாசித்தபோது நான் நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

“எங்க மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியும். சனிக்கிழமை வருவாரு, அவரையே கேளு. பொய்யா இருந்தா நான் இனிமே டிவி முன்னாடியே ஒக்கார மாட்டேன்” என்றேன். வீம்புக்குச் சொன்ன வார்த்தை இல்லை. சனிக்கிழமை வந்தால் இவன் மூக்கு உடையும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மாமா வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். தலையில் தூசி இல்லை. அது ஏன் என்று நான் கேட்டிருக்கலாம். எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. பிள்ளைகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கூடியிருந்தார்கள். டிவியில் ஒருவன் மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தான்.

“இப்ப என்ன சொல்றாரு மாமா?” என்று கேட்டான் பெரியப்பா மகன். அவன் குரலில் இருந்த பணிவைப் பார்த்திருக்க வேண்டும்.

மாமா திரையைச் சற்று நேரம் பார்த்தார். “அனுப்புனவங்கள எல்லாம் திரும்ப வேலைக்கு எடுத்துக்கோங்குறான். எடுக்கலன்னா நானும் வர மாட்டேங்குறான்” என்றார்.

“இல்ல மாமா. அடுத்த மாசம் மேட்சுக்கு எல்லாரும் டிக்கெட் வாங்குங்கன்னு சொல்றாரு. அப்புறம் புதுசா ஒரு பனியன் வந்திருக்குதாம்.”

அவன் சொல்லி வாயை மூடவில்லை, அந்த ஆள் மேல்சட்டையைக் கழற்றி உள்ளே போட்டிருந்த பனியனை நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் காட்டினான். கீழே விலை ஓடியது. அது எங்களுக்கே படிக்கத் தெரிந்தது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். என் மானம் கப்பலேறியது.

நான் எழுந்து நின்றேன். “ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமா தெரியாதா மாமா?”

“தெரியாதும்மா” என்றார்.

ஒரு தயக்கம் வேண்டாமா? சமாளிக்கவாவது செய்யக்கூடாதா? வேலை முடிந்து வருகிற ஆள் டீ வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. இத்தனை மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். நான் ராத்தூக்கம் கெட்டு மீசைக்காரருக்காக அழுதிருக்கிறேன்.

“அப்ப இத்தினி நாளு சொன்னதெல்லாம் பொய்யா?”

“அங்க நடந்துச்சுன்னு சொன்னதுதான் பாப்பா பொய்யி” என்றார் மாமா மெதுவாக.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. காதில் பூச்சுற்றியது போதாதென்று இன்னும் பேச்சு வேறா என்றுதான் நினைத்தேன். “நீ பொய் மாமா. இனிமே எங்க வூட்டுக்கு டிவி பாக்க வராத” என்று கத்தினேன். வாசற்படியிலிருந்து அம்மா கீரைக்கட்டோடு எழுந்து, “எவ்ளோ கொழுப்பு இருந்தா மாமாவப் பாத்து இப்டிப் பேசுவ” என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். “வுடுக்கா, சின்னப் புள்ள” என்று அவள் கையைப் பிடித்துத் தடுத்தது மாமாதான். பிறகு, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா மகன் அவர் இடத்தில் உட்கார்ந்து மீதி நிகழ்ச்சியை மொழிபெயர்த்தான். எல்லாம் சரியான மொழிபெயர்ப்பு. ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து விளையாடப் போய்விட்டார்கள்.

மறுநாள் முழுக்க உட்கார்ந்து நோட்டை அழித்தேன். ஒரு ரப்பர் முழுதும் தேய்ந்தது. ஆயுத பூஜையை அழித்தேன். தூக்குச் சட்டியை அழித்தேன். முகமூடிகளை, மீசைக்காரரை, அவருக்குப் பின்னால் போனவர்களை எல்லாம் ஒருவர் விடாமல் அழித்தேன். மூலையில் இருந்த தேதிகளையும் விடவில்லை. பொய்க்கு எதற்குத் தேதி? பிறகு அதே பக்கங்களில் பெரியப்பா மகனின் புத்தகத்தைப் பார்த்துக் கோல்டன் ஏரா, தண்டர் ஏரா, ஸ்டீல் ஏரா என்று நீல மையில் எழுதினேன். அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன். முதன்முதலாக நோட்டு ஒழுங்காக இருப்பதாக எனக்குத் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை மாமா வரவில்லை. திங்கட்கிழமை காலையில் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“பாப்பா, அந்த நோட்ட ரெண்டு நாளு குடு. மீசைக்காரர எப்ப அனுப்புனாங்க, அதுக்கப்புறம் யார் யார அனுப்புனாங்கன்னு தேதி போட்டு வச்சிருந்தியே.”

அது எதற்கு என்று அம்மா எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து, மாமா திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் காவல்காரராகி வெகுகாலம் ஆன பிறகு. சூளையில் கை வெந்த மேஸ்திரியை ஒரு சனிக்கிழமை நிறுத்தினார்களாம். தொடர்ந்து வாரம் ஒருவராக, அவரோடு சேர்த்துப் பதினோரு பேரை நிறுத்தினார்கள். பத்தாவது ஆள் மாமா. கம்பெனியோ, இந்தப் பேரில் எங்களிடம் யாரும் வேலை பார்த்ததே இல்லை என்று கையை விரித்துவிட்டது. யாரை, எந்தத் தேதியில், யார் சொல்லி நிறுத்தினார்கள் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வாருங்கள் என்று கடலூர் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். பதினோரு பேரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இருபது வருடம் நெருப்பில் நின்றவனுக்குக் கொடுக்க ஒரு சீட்டுக்கூட அவர்களிடம் இல்லாமல் போயிருக்கிறது. பேருக்கு ஒரு கையெழுத்துப் போட என்ன செலவாகிவிடும்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அப்போதுதான் மாமா எல்லோர் நடுவிலும் எழுந்து, “எங்க அக்கா பொண்ணு எல்லாத்தையும் தேதியோட எழுதி வச்சிருக்குது” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

கோபம் வர வேண்டிய இடத்தில் வந்திருந்தால் நான் தொழிற்பேட்டைக் கேட்டில் போய்க் கல்லெறிந்திருக்க வேண்டும். பதினோரு வயதில் எனக்குக் கிடைத்த எதிரி என் மாமா ஒருவர்தான்.

நோட்டை எடுத்து வந்து பெருமையாக அவர் கையில் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு பக்கத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, நீல எழுத்துக்கு அடியில் பென்சில் பதிந்த தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கடைசிப் பக்கம் வரை போனார்.

“கையெழுத்து நல்லா இருக்குது பாப்பா” என்றார்.

தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார், இனித் திருத்த வேண்டியது என் பொறுப்பு என்று நினைத்தேன். கம்பெனியின் காலங்களை வரிசையாகச் சொல், சொன்னால்தான் பேசுவேன் என்றேன். கடலூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். மாமா என் முன்னால் குந்தியபடியே ஒப்பித்தார். முதல் முறை தண்டரையும் ஸ்டீலையும் மாற்றிச் சொன்னார். இரண்டாம் முறை பாதியில் மறந்துபோனார். விடாமல் மறுபடியும் சொல்ல வைத்தேன். மூன்றாம் முறை மூன்றையும் தப்பில்லாமல் சொன்னார். நான் அவரை மன்னித்துவிட்டேன்.